பாண் ஓட்டோ, மயிர்க்கொட்டி, போன்: நாயும் பிள்ளையளும் எப்பிடிப் பழகுதுகள்?

தங்கச்சி, நீங்கள் கேட்டது மூண்டு விசயம். வீட்டு நாய் பாண் ஓட்டோவின்ர பாட்டுச் சத்தம் தூரத்தில கேட்ட உடனயே வாலை ஆட்டிக்கொண்டு கேற்றடிக்கு ஓடுது. ஆறு வயசு மகன் போன் குடுக்காட்டி நிலத்தில விழுந்து உருண்டு கத்துறான். மூத்தவளுக்கு மயிர்க்கொட்டியைக் கண்டா உடம்பெல்லாம் நடுங்குது, ஆனா ஒருநாளும் மயிர்க்கொட்டி அவளில பட்டதே இல்லை. உதெல்லாம் பாவ்லோவின்ர நாய்க்கு மணி அடிச்ச கதைதானோ, இல்லாட்டி வேற வேறயோ எண்டு கேட்டிட்டு, கடைசியில ஒரு வாலும் வச்சிருக்கிறியள், மகன் கதைப்புத்தகம் வாசிச்சா அரை மணித்தியாலம் போன் எண்டு உங்கட மனுசன் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறார், அது சரியோ எண்டு. நான் கன வருசமா ஆசிரியர் பயிற்சிக்கு வாற ஆக்களுக்கு உளவியல் படிப்பிக்கிறனான், உந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில எல்லா வகுப்பிலயும் வரும், அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், தேத்தண்ணியோட இருந்து வாசியுங்கோ.

மூண்டும் மூண்டு வழியால வந்த பழக்கம். ஆனா அடியில ஓடுற சங்கதி ஒண்டு இருக்கு, அதை முதலே சொல்லிப்போடுறன். ரெண்டு விசயம் அடிக்கடி ஒண்டா வந்தா மனசில ஒட்டிக்கொள்ளும், அதுதான் பழக்கம் எண்டு கன பேர் நினைச்சுக்கொண்டிருக்கினம், அது அரைவாசிதான் சரி. அடுத்து என்ன வரப்போகுது எண்டதை மூளை எந்த நேரமும் ஊகிச்சுக்கொண்டே இருக்கும், அந்த ஊகம் பிழைக்கிற நேரத்திலதான் புதுசா ஏதும் பழகும், ஊகம் சரியாவே வந்துகொண்டிருந்தா பழகிறதுக்கு ஒண்டும் இல்லை. இதை மனசில வச்சுக்கொண்டு வாசிச்சா போன் பிரச்சினை வரைக்கும் விளங்கும்.

முதல்ல நாய். பாவ்லோவ் உளவியல்காரர் இல்லை, ரஷ்யாவில சமிபாட்டை ஆராய்ஞ்சுகொண்டிருந்த உடற்றொழிலியல்காரர், 1904இல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சதும் சமிபாட்டு வேலைக்குத்தான். நாயின்ர கன்னத்தில ஒரு சின்ன சத்திரசிகிச்சை செய்து உமிழ்நீர் வெளியில ஒரு குழாய்க்குள்ள வடியிற மாதிரி வச்சு, எந்தச் சாப்பாட்டுக்கு எத்தினை துளி வருகுது எண்டு எண்ணிக்கொண்டிருந்தவர். கொஞ்சக் காலத்தில நாய்கள் சாப்பாடு வாய்க்குள்ள போக முதலே, சாப்பாடு கொண்டுவாற ஆளைக் கண்ட உடனயே வடிக்கத் தொடங்கீட்டுதுகள். வேற ஆளெண்டா என்ர கணக்கெல்லாம் பிழைக்குது எண்டு எரிச்சல்பட்டுப்போட்டு விட்டிருப்பார், இவர் மிச்ச வாழ்நாள் முழுக்க அதைத்தான் துருவினவர். மணி மணி எண்டு உலகம் முழுக்கச் சொல்லினம், அவற்ற ஆய்வுகூடத்தில மெட்ரோனோம் (டிக் டிக் எண்டு தாளம் அடிக்கிற கருவி), பஸர், வெளிச்சம், தோலில தொடுறது எண்டு கன சாமான் பாவிச்சவை, மணி அதில ஒண்டு மட்டும்தான்.

உங்கட ஒழுங்கைக்கு வாற பாண் ஓட்டோவில பீத்தோவன்ர அந்தப் பியானோ மெட்டுத்தானே போகும், இலங்கை முழுக்க கூடுதலா அதுதான். நாய்க்குப் பீத்தோவனும் தெரியாது பியானோவும் தெரியாது. மெட்டுக் கேட்டா கொஞ்ச நேரத்தில அம்மம்மா கேற்றைத் திறப்பா, பணிஸ் துண்டு ஒண்டு கீழ விழும். மெட்டு முதல், பணிஸ் பிறகு. இந்த ஒழுங்கு முக்கியம், பணிஸைப் போட்டு நாய் திண்டு முடிச்சாப் பிறகு மெட்டைக் கேக்க வச்சா ஏறக்குறைய ஒண்டுமே பழகாது, முடிஞ்சு போன விசயத்துக்குப் பிறகு வாற சத்தம் அதுக்கு எதையும் அறிவிக்காது தானே.

இதை வடிவாக் காட்டினவர் ரெஸ்கோர்லா எண்ட அமெரிக்கர், 1968இல. எலியளுக்கு ஒரு சத்தத்தைப் போட்டு, சத்தம் கேக்கேக்கை மின் அதிர்ச்சி குடுத்தா, பிறகு சத்தத்துக்கே பயப்பிடும், அது எல்லாருக்கும் தெரிஞ்சது. அவர் என்ன செய்தவர் எண்டா, இன்னொரு கூட்டம் எலிக்கு சத்தம் கேக்கேக்கையும் அதேயளவு அதிர்ச்சி, சத்தம் இல்லாத நேரத்திலயும் அதேயளவு அதிர்ச்சி எண்டு குடுத்தார். சத்தமும் அதிர்ச்சியும் ஒண்டா வந்த அளவு ரெண்டு கூட்டத்துக்கும் ஒண்டுதான், ஆனா ரெண்டாவது கூட்டம் சத்தத்துக்குப் பயப்பிடேல்லை. ஏனெண்டா சத்தம் வந்தாலும் வராட்டிலும் அடி விழுறது ஒரே மாதிரி, அப்ப சத்தத்தைக் கவனிச்சு என்ன பிரயோசனம்? அதே காலத்தில காமின் எண்டவர் இன்னொண்டு செய்தார். முதல்ல ஒரு சத்தத்தை அதிர்ச்சியோட பழக்கி, பேந்து அந்தச் சத்தத்தோட ஒரு வெளிச்சத்தையும் சேர்த்துப் பழக்கிப்போட்டு, வெளிச்சத்தைத் தனியக் காட்டினா எலிக்கு அதில பெரிசாப் பயமில்லை. வெளிச்சமும் அதிர்ச்சியோட எத்தினையோ தரம் ஒண்டா வந்ததுதான், ஆனா சத்தமே எல்லாத்தையும் முதலே சொல்லிப்போட்டுது, வெளிச்சம் புதுசா ஒண்டும் சொல்லேல்லை. பாண் ஓட்டோக்காரர் நாளைக்கு ஓட்டோவில கலர் லைட் பூட்டினாலும் உங்கட நாய் லைட்டைக் கணக்கெடுக்காது எண்டதும் இதாலதான்.

1990களில ஷுல்ட்ஸ் எண்டவர் குரங்குகளின்ர மூளையில டோபமின் எண்ட இரசாயனத்தை விடுற கலங்களுக்குப் பக்கத்தில நுண்ணிய மின்வாய் வச்சுப் பாத்தபோது இதே கதைதான் அங்கயும் தெரிஞ்சுது. சும்மா இருக்கேக்கை வாயில ஜூஸ் துளி விழுந்தா கலம் படபடவெண்டு அடிக்கும். ஒரு வெளிச்சம் வந்தாப் பிறகு ஜூஸ் வரும் எண்டு பழகீட்டா, வெளிச்சத்துக்குத்தான் அடிக்கும், ஜூஸ் வரேக்கை பேசாம இருக்கும். வெளிச்சம் வந்தும் ஜூஸ் வரேல்லை எண்டா, வரவேண்டிய அந்த நேரத்தில கலத்தின்ர அடிப்பு வழமையை விடக் குறையும். எதிர்பாத்ததுக்கும் கிடைச்சதுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்தக் கலம் சொல்லுது. டோபமின் எண்டா சந்தோசத் திரவம் எண்டு இப்ப யூடியூப்பில சொல்லிக்கொண்டு திரியினம், அவையளுக்கு உதைக் காட்டவேணும்.

இன்னொரு விசயம், எதையும் எதோடயும் ஒட்டலாம் எண்டு ஒரு காலத்தில நினைச்சவை, அது பிழைச்சுப்போச்சு. 1966இல கார்சியாவும் கோலிங்கும் எலியளுக்கு ருசி சேர்த்த தண்ணி குடுத்து, குடிக்கேக்கை ஒவ்வொரு நக்கலுக்கும் ஒரு வெளிச்சமும் சத்தமும் வாற மாதிரி வச்சவை. பிறகு சில எலிக்கு வயித்தைக் குழப்பி வருத்தம் வரப்பண்ணினவை, சிலதுக்கு மின் அதிர்ச்சி குடுத்தவை. வருத்தம் வந்த எலியள் அந்த ருசியை வெறுத்துதுகள், வெளிச்சம் சத்தத்தைக் கணக்கெடுக்கேல்லை. அதிர்ச்சி வாங்கினதுகள் மற்றப்பக்கம், வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் பயம், ருசியோட பிரச்சினை இல்லை. அதைவிட, ருசிக்கும் வருத்தத்துக்கும் இடையில மணித்தியாலக் கணக்கில இடைவெளி இருந்தாலும் ஒரே ஒருதரத்தில பழகீடும், பாவ்லோவின்ர கணக்குப்படி அது நடக்கவே கூடாது. அந்தக் காலத்துப் பெரிய சஞ்சிகையள் சிலது கார்சியாவின்ர கட்டுரையளை நம்பாமத் திருப்பி அனுப்பினவையாம்.

எங்கட சொந்தத்தில ஒரு மாமி ஒடியல் கூழ் குடிச்ச அண்டு இரவு காய்ச்சலும் சத்தியும் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தவ. அதே கூழை அண்டைக்குக் குடிச்ச மற்ற ஆக்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை, டொக்டரும் இது வைரஸ் எண்டு சொல்லிப்போட்டார், மாமிக்கும் அது விளங்குது. ஆனா இண்டைக்கும் நண்டும் புளியும் சேர்ந்து கொதிக்கிற மணம் வந்தா எழும்பி அங்கால போயிடுவா. பிலாவிலையில கோலி ஊத்திக் குடிச்சவ, பிலாவிலையோட பகையில்லை, பக்கத்தில இருந்து குடிச்ச மச்சாளோடயும் பகையில்லை, கூழோட மட்டும்தான் கோவம். வயித்துக்கு வந்த கேட்டுக்கு வாயால போனதைத்தான் சந்தேகிக்கவேணும் எண்டு உடம்பு பிறக்கேக்கையே ஒரு சாய்வோட பிறக்குது. அறிவு சொல்லுறதை அது கேக்காது.

இப்ப சத்தத்துக்கு வருவம், நீங்கள் கேள்வியில ஒரு சொல்லு எழுதியிருக்கிறியள், நாய் வெடிச்சத்தத்துக்கு கட்டிலுக்குக் கீழ போய் ஒளிக்குது எண்டு. 90களில இஞ்ச இருந்த ஆக்களுக்கு கிபிர்க் குண்டுவீச்சு விமானத்தின்ர இரைச்சல் எண்டா என்னெண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அப்ப எங்கட வீட்டில நிண்ட நாய் எங்களுக்கு முதல் பங்கருக்குள்ள போய்ப் படுத்திருக்கும். நாய்க்கு எங்களை விடக் காது நல்லம், எங்களுக்கு இரைச்சல் கேக்க முதலே அது எழும்பீடும், செவி ரெண்டையும் பின்னால மடிச்சு, வயிறு நிலத்தில முட்டுற மாதிரிப் பதிஞ்சு, அடுப்படி வாசலால இறங்கி நேர பங்கர் வாய்க்கு. கொஞ்ச நாளையில அம்மா கறிச்சட்டியை இறக்கிறது பிளேன் சத்தத்துக்கு இல்லை, நாய் எழும்பினதுக்கு. குண்டோட சேர்ந்தது இரைச்சல், இரைச்சலோட சேர்ந்தது நாய். பாவ்லோவும் இப்பிடி ஒரு அறிகுறிக்கு மேல இன்னொரு அறிகுறியை ஏத்திப் பாத்திருக்கிறார், அதுக்குப் பேர் இரண்டாம்படி நிபந்தனைப்படுத்தல், நாங்கள் அதைப் பேர் தெரியாமலே பழகினனாங்கள்.

பிறகு சண்டை முடிஞ்சுது. 2019 ஒக்டோபரில யாழ்ப்பாணத்துப் பலாலியைச் சர்வதேச விமானநிலையமாத் திறந்து சென்னைக்கு பிளேன் ஓடத் தொடங்கினபோது, சின்னப்பெடியள் முத்தத்துக்கு ஓடிவந்து கை காட்டினதுகள், நாப்பது வயசுக்கு மேற்பட்டதுகள் கதைச்சுக்கொண்டிருந்த கதையை நிப்பாட்டிப்போட்டு ஒரு செக்கன் மேல பாத்ததுகள். பத்து வருசத்துக்கு மேல ஒரு குண்டும் விழேல்லை, அப்ப பழக்கம் அழிஞ்சிருக்க வேணுமே எண்டு கேப்பியள். அழியாது. மெட்ரோனோமைப் போட்டுச் சாப்பாடு குடுக்காம விட்டா நாய் கொஞ்சங் கொஞ்சமா வடிக்கிறதை நிப்பாட்டும், ஆனா இடைவெளி விட்டு நாளைக்குத் திரும்பப் போட்டா திரும்பவும் வடிக்கும், இதையும் பாவ்லோவே கண்டவர். பழைய பாடம் அழிஞ்சு போறேல்லை, அதுக்கு மேல "இப்ப, இஞ்ச, இது ஒண்டும் செய்யாது" எண்டு ஒரு புதுப்பாடம் வருது, இடம் மாறினா, நாள் கடந்தா, உடம்பு களைச்சிருந்தா பழையது தலை நீட்டும். 1924இல லெனின்கிராட்டில வெள்ளம் வந்து அவற்ற ஆய்வுகூட நாய்களின்ர கூடுகளுக்குள்ள தண்ணி ஏறி, நாய்களை ஒருமாதிரிக் காப்பாத்தி எடுத்தவை. அதில சிலதுக்கு முந்திப் பழக்கின பழக்கமெல்லாம் குழம்பிப்போச்சு, கஸ்டப்பட்டுத் திரும்பப் பழக்கி எடுத்தாப் பிறகும், கதவுக்குக் கீழால கொஞ்சத் தண்ணி கசிய விட்ட உடன ஒரு நாய் திரும்பவும் குழம்பிப்போச்சு. உதை வகுப்பில சொன்னா பின்வாங்கில் அமைதியாப் போயிடும். (சத்தம் கேட்டா நித்திரை வராம, நெஞ்சு இடிச்சு, பழசெல்லாம் கண்ணுக்கு முன்னால வருகுது எண்டா அது நாய்க்கதையால தீர்க்கிற விசயமில்லை, மனநல வைத்தியரிட்டப் போகவேணும், அதில வெக்கப்பட ஒண்டுமில்லை.)

பயத்தை எப்பிடிக் கழட்டுறது எண்டதுக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கு. 1920இல வாட்சனும் ரெய்னரும் ஆல்பர்ட் எண்டு பேர் வச்ச ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டிக் காட்டிப் பின்னால இரும்புச் சட்டத்தில சுத்தியலால அடிச்சு, எலியைக் கண்டா அழப்பண்ணினவை, அழப்பண்ணினதோட விட்டிட்டினம், பயத்தைக் கழட்டிவிடேல்லை. இண்டைக்கு அப்பிடி ஒரு பரிசோதனைக்கு ஒரு பல்கலைக்கழகமும் அனுமதி குடாது. 1924இல மேரி கவர் ஜோன்ஸ் எண்ட பெண்மணி அதை மறுவளமாச் செய்து காட்டினவ. பீற்றர் எண்ட சின்னப்பெடியனுக்கு முயலுக்குப் பயம். அவன் விருப்பமாச் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை முயலைக் கூட்டோட தூரத்தில வச்சு, அவன் குழம்பாத அளவுக்குக் கொஞ்சங் கொஞ்சமாக் கிட்டக் கொண்டு வந்து, கடைசியில ஒரு கையால முயலைத் தடவிக்கொண்டே சாப்பிட்டவன். முயலுக்குப் பயமில்லாத மற்றப் பிள்ளையளையும் பக்கத்தில விட்டுப் பாக்கப் பண்ணினவ. உங்கட நாய்க்கும் அதுதான் வழி, வெடிச்சத்தத்தை போனில மிச்சம் குறைஞ்ச சத்தத்தில போட்டு அந்த நேரம் மட்டும் இறைச்சித் துண்டு குடுங்கோ, செவி மடிஞ்சா சத்தம் கூடிப்போச்சு எண்டு அர்த்தம், குறையுங்கோ. கோயில் திருவிழா வாணவேடிக்கைக்குப் பக்கத்தில கொண்டுபோய்க் கட்டிவிட்டா பழகீடும் எண்டு உங்கட அண்ணர் சொன்னதைச் செய்யாதேங்கோ.

மயிர்க்கொட்டிக்கு வாறன். நீங்களே எழுதியிருக்கிறியள், மாரி காலம் முருங்கை மரத்தில கூட்டமா ஒட்டிக்கொண்டு இருக்கேக்கை நீங்கள் அந்தப் பக்கமே போறேல்லை எண்டு. அங்கதான் விடை இருக்கு. மகளில ஒருநாளும் மயிர்க்கொட்டி படத் தேவையில்லை, அம்மாவின்ர முகத்தைப் பாத்தாக் காணும். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில சூசன் மினெகாவும் கூட்டாளியளும் 1980களில ரீசஸ் குரங்குகளை வச்சுச் செய்த வேலை ஒண்டு இருக்கு. காட்டில வளர்ந்த குரங்குக்குப் பாம்பெண்டாப் பயம். ஆய்வுகூடத்தில பிறந்து வளர்ந்த குரங்குக்குப் பயமில்லை. ஆனா காட்டுக் குரங்கு பாம்பைக் கண்டு பதறுறதைக் கொஞ்ச நேரம் பாக்க விட்டா, ஆய்வுகூடக் குரங்கும் பயப்பிடத் தொடங்கீடும், பயம் மாதக்கணக்கில நிக்கும். பேந்து வீடியோவை வெட்டி ஒட்டி, அதே பதட்டத்தைப் பூவுக்கு முன்னால நடந்த மாதிரிக் காட்டினா, பூவுக்குப் பயப்பிடப் பழகேல்லை. கார்சியாவின்ர கூழ்க்கதை, மன்னிக்கோணும், எலிக்கதை இஞ்சயும் வருகுது, எதுக்குப் பயப்பிட உடம்பு ஆயத்தமா இருக்கோ அதுக்குத்தான் கெதியாப் பழகும்.

இதில கன பேர் கவனிக்காம விடுறது மற்றப் பக்கம். பயப்பிடாத குரங்கொண்டு பாம்புக்குப் பக்கத்தில அமைதியா இருக்கிறதை முதலே பாத்த குரங்குகளில பெரும்பாலானதுக்கு, பிறகு பயந்த குரங்கைக் காட்டினாலும் பயம் தொத்தேல்லை. தடுப்பூசி போட்ட மாதிரி. மகளுக்கு இனிப் பிந்திப்போச்சு, ஆனா சின்னவனுக்குப் பிந்தேல்லை. உங்கட மனுசன் பயமில்லாத ஆள் எண்டா, மகனைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு நீட்டுத் தடியால எடுத்துக் காட்டி, கையில பட்டா அரிக்கும் அதால தொடக்கூடாது எண்டு சாதாரணக் குரலில சொல்லட்டும், நீங்கள் அந்த நேரம் அங்க நிக்காட்டி நல்லம்.

பாத்துப் பழகிறது எண்டதில முக்கியமான பேர் பண்டூரா. 1961இல ஸ்டான்ஃபோர்டில 72 நேர்சரிப் பிள்ளையளை வச்சு, பெரிய ஆள் ஒருத்தர் காத்தடிச்ச பொம்மையொண்டைச் சுத்தியலால அடிச்சு உதைக்கிறதைக் கொஞ்சப் பிள்ளையளுக்குக் காட்டிப்போட்டு, பிறகு அதே பொம்மையோட விட்டவர். பாத்த பிள்ளையள் அடிச்சது மட்டுமில்லை, அந்த ஆள் சொன்ன சொல்லையும் அப்பிடியே சொல்லி அடிச்சதுகள். ஆனா எனக்கு அதை விடப் பிடிச்சது 1965இல செய்தது. அதில, படத்தில அடிச்ச ஆளுக்குக் கடைசியில பாராட்டுக் கிடைக்கிற மாதிரிச் சில பிள்ளையளுக்கும், அந்த ஆளுக்குப் பேச்சு விழுற மாதிரி வேற சில பிள்ளையளுக்கும் காட்டினவர். பேச்சு விழுந்ததைப் பாத்த பிள்ளையள் குறையத்தான் அடிச்சதுகள். சரி, தண்டனை வேலை செய்யுது எண்டு நினைக்கிற நேரத்தில, படத்தில பாத்ததைச் செய்து காட்டினா ஜூஸும் ஸ்டிக்கரும் தாறன் எண்டார், எல்லாப் பிள்ளையளும் ஏறக்குறைய ஒரே அளவு செய்து காட்டீட்டுதுகள். பழகினது எல்லாருக்கும் உள்ள கிடந்தது, வெளியில காட்டிறதா இல்லையா எண்டதுதான் வித்தியாசம். பிள்ளை வீட்டில தூசணம் சொல்லேல்லை எண்டதுக்காக அவனுக்குத் தெரியாது எண்டு நினைக்கக் கூடாது.

பாத்தாப் போதும் எல்லாம் வந்திடும் எண்டும் இல்லை. நாங்கள் சின்னனில இருந்து கள்ளுச் சீவுறவர் பனையில ஏறுறதைப் பாத்துத்தான் வளர்ந்தனாங்கள், தளைநார் எப்பிடிப் போடுறது, மார்பை எப்பிடி மரத்தோட அணைக்கிறது எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன், ஏறச்சொன்னா ரெண்டு முழத்துக்கு மேல போகமாட்டன். கவனிக்கவேணும், நினைவில நிக்கவேணும், உடம்புக்கு ஏலவேணும், செய்யிறதுக்கு ஒரு காரணமும் வேணும் எண்டு பண்டூரா நாலு சொன்னவர்.

மனுசப் பிள்ளை பாத்துச் செய்யிறதில ஒரு விசித்திரமும் இருக்கு. 2005இல ஹோர்னரும் வைற்றனும் ஒரு பெட்டிக்குள்ள சாப்பாட்டை வச்சு, மேல தடியால குத்திறது, தட்டுறது எண்டு தேவையில்லாத வேலையெல்லாம் செய்து கடைசியில கதவைத் திறந்து எடுத்துக் காட்டினவை. உள்ள தெரியாத பெட்டியெண்டா சிம்பன்சியும் அப்பிடியே செய்துது. கண்ணாடி மாதிரி உள்ள தெரியிற பெட்டியெண்டா சிம்பன்சி தேவையில்லாததை விட்டிட்டு நேர கதவைத் திறந்துது, மூண்டு நாலு வயசுப் பிள்ளையள் மட்டும் குத்திறதையும் தட்டுறதையும் விடாமச் செய்ததுகள். குரங்கு புத்திசாலி பிள்ளை மோடு எண்டு சிரிக்கலாம், ஆனா ஏனெண்டு விளங்காமலே பெரியாக்கள் செய்யிறதை முழுசாச் செய்யிற குணத்தாலதான் சமையலும் சடங்கும் கைத்தொழிலும் தலைமுறை தாண்டி வருகுது எண்டு நான் நினைக்கிறன்.

கடைசியாப் போன். இது பாவ்லோவ் பக்கம் இல்லை, இது தோர்ண்டைக், ஸ்கின்னர் பக்கம். தோர்ண்டைக் 1898இல பசிச்ச பூனையளைப் பெட்டிக்குள்ள அடைச்சு, உள்ளுக்கு இருக்கிற கயிறையோ கொழுக்கியையோ தட்டினாக் கதவு திறக்கிற மாதிரி வச்சவர். பூனை பிறாண்டும், கடிக்கும், எங்கயோ தற்செயலாத் தட்டுப்படும், வெளியில வரும். அடுத்தடுத்த முறை தேவையில்லாததுகள் குறைஞ்சு குறைஞ்சு போய்த் தட்டுறது மட்டும் மிஞ்சும். செய்த வேலையின்ர பலன் அந்த வேலையைத் திரும்பவும் செய்யப்பண்ணுது. ஸ்கின்னர் அதை எடுத்து எலி, புறா எண்டு வருசக்கணக்கா அளந்தவர். கம்போடியாவில மகாவா எண்ட ஆபிரிக்க எலி ஓய்வு பெற முதல் 100க்கு மேற்பட்ட கண்ணிவெடியளையும் வெடிக்காத குண்டுகளையும் மணந்து கண்டுபிடிச்சதும், 2020இல தங்கப்பதக்கம் வாங்கினதும் இந்த வழியிலதான், வெடிமருந்து மணத்துக்கு நிலத்தைப் பிறாண்டினா ஒரு "கிளிக்", பிறகு ஒரு வாழைப்பழத் துண்டு, எலியின்ர பாரத்துக்குக் கண்ணி வெடிக்கவும் மாட்டாது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்க வெயிலுக்க முழங்காலில இருந்து கையால கிண்டின ஆக்களைப் பாத்தவைக்கு உது எவ்வளவு பெரிய விசயம் எண்டு தெரியும்.

உங்கட மகன் உருண்டு கத்துறான், நீங்கள் போனைக் குடுக்கிறியள், அவன் நிப்பாட்டுறான். அவன் பழகினது எல்லாருக்கும் விளங்குது: கத்தினாப் போன் வரும். ஆனா அந்தச் சம்பவத்தில இன்னொரு ஆளும் பழகுறா. போனைக் குடுத்த உடன காதைக் கிழிக்கிற சத்தம் நிக்குது, தலையிடி நிக்குது, மாமி முறைச்சுப் பாக்கிறது நிக்குது. இது எதிர் மீளவலியுறுத்தல், வேண்டாத ஒண்டு விலகிறதாலயே ஒரு வேலையைத் திரும்பச் செய்யப் பழகிறது, தண்டனை எண்டது வேற. நீங்கள் அவனைப் பழக்கிற அதே செக்கனில அவன் உங்களைப் பழக்குறான், அதனாலதான் "இனிக் குடுக்கமாட்டன்" எண்டு எத்தினை தரம் முடிவெடுத்தாலும் கை தானாப் போனை நீட்டுது.

அதுக்கும் மேல ஒரு சிக்கல். ஸ்கின்னர் ஒருக்கா எலிக்குக் குடுக்கிற சாப்பாட்டு உருண்டை முடியப்போகுது எண்டு, அதுகளைக் கையால உருட்டிற பஞ்சியில, எலி லீவரை அமத்திற ஒவ்வொரு அமத்தலுக்கும் குடுக்காம இடைக்கிடை மட்டும் குடுத்துப் பாத்தவர். எலி விடாம அமத்திக்கொண்டே இருந்துது. எப்பவும் கிடைச்ச எலிக்கு நிப்பாட்டினா ஊகம் உடன பிழைக்கும், இனி இல்லை எண்டு கெதியா விளங்கீடும். எப்பாலும் ஒருக்காக் கிடைச்ச எலிக்கு, இந்த முறை கிடைக்காததும் வழமைதானே, அடுத்த முறை கிடைக்கலாம் எண்டு போய்க்கொண்டே இருக்கும். சூதாட்ட மெசினில காசைப் போட்டுக்கொண்டு இருக்கிறவையும் அந்த எலியும் ஒரே கணக்கு. இப்ப உங்கட வீட்டைப் பாருங்கோ. திங்கள் குடுக்கிறேல்லை, செவ்வாய் குடுக்கிறேல்லை, புதன்கிழமை ஆக்கள் வந்திருக்கினம் எண்டு குடுக்கிறியள், வியாழன் நீங்கள் இல்லாத நேரம் அம்மம்மா "பாவம் பிள்ளை" எண்டு குடுக்கிறா. ஸ்கின்னர் இருந்து திட்டம் போட்டிருந்தாலும் இதை விட உறுதியான பழக்கத்தை உருவாக்கியிருக்க மாட்டார்.

அப்ப என்ன செய்யிறது? நிப்பாட்டிறதெண்டா வீட்டில எல்லாரும் சேர்ந்து, அம்மம்மாவையும் இருத்திக் கதைச்சு, ஒரே முடிவா நிப்பாட்டவேணும். தொடங்கின முதல் நாளுகளில கத்தல் குறையாது, கூடும், முந்திச் செய்யாததெல்லாம் செய்வான், தலையைக் கதவில இடிப்பான். வழமையாக் கிடைச்சது கிடைக்காம விட்டா எலியும் லீவரைக் கடிக்கும். அந்த உச்சத்தில "ஐயோ" எண்டு குடுத்தியளோ, இந்தளவு கத்தவேணும் எண்டு புது அளவு பழக்கிறியள், அதுக்குத் தொடங்காமலே விட்டிருக்கலாம். குடுக்கிறதெண்டா கத்த முதல் குடுங்கோ, நேரத்தைச் சொல்லிக் குடுங்கோ, உதாரணத்துக்குப் பின்னேரம் குளிச்சாப் பிறகு இருவது நிமிசம், கத்தினாலும் கத்தாட்டிலும் அதே நேரம் வரும். அப்ப கத்தல் எதையும் கொண்டுவராது, ரெஸ்கோர்லாவின்ர ரெண்டாவது கூட்டத்துக்குச் சத்தம் மாதிரி அது சும்மா ஒரு சத்தமாப் போயிடும். பூவரசம் தடியைப் பற்றியும் கேட்டிருந்தியள். தடி அந்த நேரத்துக்கு நிப்பாட்டும், ஓம், ஆனா அவன் பழகிறது தடி இருக்கிற ஆள் நிக்கேக்கை கத்தக்கூடாது எண்டது, அதோட கோவம் வந்தாப் பெரியாக்கள் அடிப்பினம் எண்டதையும் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு இருக்கிறான்.

இனி உங்கட மனுசன்ர ஒப்பந்தம். 1973இல லெப்பர், கிரீன், நிஸ்பெற் எண்ட மூண்டு பேர், கலர்ப்பேனையால கீறுறதில விருப்பமான நேர்சரிப் பிள்ளையளை மூண்டு கூட்டமாப் பிரிச்சவை. ஒரு கூட்டத்துக்குக் கீறினாச் சான்றிதழ் தருவம் எண்டு முதலே சொல்லி, ரிபனும் தங்க நட்சத்திரமும் ஒட்டினது குடுத்தவை. இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமக் கீறி முடிச்சாப் பிறகு குடுத்தவை. மூண்டாவதுக்கு ஒண்டும் இல்லை. கொஞ்ச நாள் கழிச்சு விருப்பமான விளையாட்டை விளையாடுங்கோ எண்டு விட்டுப் பாத்தபோது, முதலே பேரம் பேசின கூட்டம் கீறினது மற்றவை கீறினதில ஏறக்குறைய அரைவாசி நேரம்தான். சொல்லாமக் கிடைச்ச பரிசு ஒரு கேடும் செய்யேல்லை. புலமைப்பரிசில் சோதினை பாஸ் பண்ணினாச் சைக்கிள் எண்டு வளர்ந்த பெடியள் அதுக்குப் பிறகு ஒரு புத்தகத்தையும் தானா எடுத்துப் பாக்காததை இஞ்ச எத்தினை வீட்டில கண்டிருப்பியள். ஆனா பரிசே கூடாது எண்டும் நான் சொல்லமாட்டன், அந்தப் பிள்ளையளுக்கு முதலே விருப்பம் இருந்தது, அதிலதான் பரிசு கெடுத்தது. விருப்பமே இல்லாத வேலையில கெடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. நீங்கள் எழுதினபடி மகன் கதைப்புத்தகத்தை இரவில டோர்ச் அடிச்சும் வாசிக்கிறவன், அப்ப அதை உந்தப் பேரத்துக்குள்ள இழுக்காதேங்கோ. ஒப்பந்தம் வேணும் எண்டு அவர் நிண்டாரெண்டா, அவனுக்குக் கண்ணிலயும் காட்டேலாத பெருக்கல் வாய்ப்பாட்டுக்குப் போடட்டும்.